கிளட்ச்சில் சிக்கிய கிளிப்பச்சை

ஆரணி,
14.8.2002, புதன்கிழமை.

சேத்துப்பட்டில் நெல் மண்டி நடத்திவரும் என் மதிப்பிற்குரிய மச்சான் அருணாச்சலம் அவர்களுக்கு, ஆரணி பட்டுச்சேலை வியாபாரம் சிவப்பிரகாசம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உங்கள் தங்கை பூங்காவனம், அவளுடைய ஸ்கூட்டர் ஆகிய மூவரும் சுகம். அவ்விடம் தாங்களும், அக்காவும், பிள்ளைகளும், மண்டியில் அடுக்கியிருக்கும் மூட்டைகளும் மழையில் நனையாமல் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

ஸ்கூட்டரில் ஸ்டார்ட்டர் கிளட்ச் கெட்டிருந்தது, திங்கட்கிழமை சரியாகிவிட்டது. ஆகையால் வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓட்டிப்போக நீங்கள் ஆள் அனுப்ப வேண்டாம். வண்டி விற்பனைக்கு இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் நடுவில் வந்துவிடுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. தவிர, இதை நான் என் கையால் எழுதித் தரவேண்டும் என்பது ஒரு ஒப்பந்தம். அது என்ன ஒப்பந்தம், யாரோடு என்பது பின்னால் வருகிறது. நடந்ததை நடந்தபடி முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஆடி பிறந்து முதல் திங்கட்கிழமை, காலை எட்டரை மணிக்கு உங்கள் தங்கை முள்ளிப்பட்டுக்குக் கிளம்பினாள். அங்கே பதினோரு வீட்டில் நமக்குத் தறி ஓடுகிறது. திங்களும் வியாழனும் பாவு என்கிற நெடுக்கு நூலும் ஊடை என்கிற குறுக்கு நூலும் ஜரிகையும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்து முடிந்த சேலைகளைத் தறியிலிருந்து அறுத்து வாங்கிவருவது அவள் வேலை. கடையில் உட்கார்ந்து அவற்றை விற்பது என் வேலை. பையை முன்னால் வைத்தாள், உட்கார்ந்தாள், பட்டனை அழுத்தினாள். உள்ளே மோட்டார் கிர்ர்ர் என்று சுற்றியது. இன்ஜின் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள், மறுபடி கிர்ர்ர். நான் போய் உதைத்தேன், ஒரே உதையில் ஸ்டார்ட் ஆயிற்று. ஆனால் முள்ளிப்பட்டில் பதினோரு வாசலிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டும், அத்தனை வாசலிலும் உதைக்க நான் கூடப் போக முடியுமா? அவளால் உதைக்க முடியாது. போன வருஷம் குழாயடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடது முழங்காலை மடக்கி நீட்டினாலே முகம் சுருங்குகிறது. பட்டன் இருக்கிறது என்கிற ஒரே காரணத்துக்காகத்தான் அந்த வண்டியையே வாங்கினோம். பட்டன் இல்லாத ஸ்கூட்டர் அவளைப் பொறுத்தவரை வாசலில் நிற்கிற ஒரு பெஞ்சு.

நான் சும்மா இருக்கவில்லை. பதினெட்டு வயதில் சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு சேத்துப்பட்டு வரைக்கும் சைக்கிள் மிதித்து, பஞ்சரும் நானே ஒட்டி, செயினும் நானே மாட்டி மேலே வந்தவன். வண்டி என்றால் எனக்குத் தெரியாததா என்று முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். கழற்றிக் கொண்டுபோய் ஒரு பகல் முழுக்க சார்ஜில் போட்டு வந்து மாட்டினேன். அதுவரை மெதுவாகச் சுற்றி ஏமாற்றிய மோட்டார் அன்றிலிருந்து வேகமாகச் சுற்றி ஏமாற்றியது. பிறகு பக்கத்து வீட்டு வேடியப்பன் வந்தார். பவர்லூம் மோட்டார்களுக்கு வயர் சுற்றுகிறவர், மோட்டார் என்று காதில் விழுந்தாலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வார். பிளக்கை மாற்றச் சொன்னார், மாற்றினேன். உதைத்தால் முன்னைவிட ஜல்தியாகப் பிடித்துக்கொண்டது, பட்டனுக்கு மட்டும் பதில் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி எங்கள் நடுக்கூடத்தில் வைத்து, பேட்டரியில் கொடுத்து ஓட்டிக் காட்டினார். அது துள்ளிக் குதித்து சாமி அலமாரிக்கு அடியில் போய்விட்டது. வேடியப்பன் வயிற்றால் ஊர்ந்துபோய் எடுத்துக்கொண்டு வந்து, "மோட்டார் ராஜா மாதிரி கீதுங்க, கோளாறு அதுல இல்ல" என்றார். கோளாறு எதில் என்று கேட்டேன். இன்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டியிருக்கும், சாமான் மெட்ராஸிலிருந்து வரவேண்டும், வந்தாலும் உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில்தான் ஆடிப்பெருக்குச் சாப்பாட்டுக்கு நீங்கள் வந்தீர்கள். இலையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. நாற்பத்தாறு வயதில், அதுவும் முட்டி வலியோடு, பொம்பளைக்கு ஸ்கூட்டர் எதற்கு, உங்களுக்குத் தெரிந்த அரிசித் தரகர் ஒருவர் இருக்கிறார், அவர் உதைத்தே ஓட்டிக்கொள்வார், நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம், ஆடி கழியட்டும், ஆவணி முதல் தேதி சனிக்கிழமையாகிறது, அன்றைக்கு இரும்பு கைமாற வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஆளை அனுப்புகிறேன் என்றீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னீர்கள். நானும் சரி என்றேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, வேடியப்பன் சொன்ன இன்ஜின் கதையைக் கேட்டு அந்தச் செலவுக்குப் பயந்து சரி என்றேன். உங்கள் தங்கை அப்போது உங்களுக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நீங்கள் பஸ் ஏறிய பிறகு வண்டிச் சாவியை எடுத்துக் கழுவித் துடைத்து சாமி அலமாரியில் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள். அதைப் பார்த்தபோதே எனக்கு ஏதோ போலிருந்தது, ஆனால் விலை பேசிவிட்ட பிறகு நான் பின்வாங்குகிறவன் இல்லையே.

இரண்டு வாரமாக முள்ளிப்பட்டுக்கு யாரும் போகவில்லை. வண்டி போகிற வரைக்கும் அந்த வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அடுத்த திங்கட்கிழமை நானே உதைத்துக்கொண்டு கிளம்பினேன். மச்சான், நான் அந்த வீடுகளுக்குள் கால் வைத்து மூன்று வருஷம் ஆகிறது என்பது அங்கே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. முதல் வீடு கண்ணகி வீடு. அவளும் புருஷனும் நெய்கிறவர்கள், நல்ல கைவேலை. தறியில் சேலை முடிந்து நிற்கிறது, என் கண்ணால் பார்க்கிறேன். அறுத்துக் கொடுக்கச் சொன்னேன்.

"அம்மா வர்லீங்களா?" என்றாள்.

வண்டி ரிப்பேர் என்றேன்.

"அப்ப வியாழக்கிழமை வருவாங்க இல்ல, அப்ப அறுத்துக்கலாங்க."

"நாந்தானேம்மா மொதலாளி?"

"யாருங்க இல்லன்னாங்க. உக்காருங்க, டீ போட்டுகினு வரேன்."

டீ வந்தது, சேலை வரவில்லை. முந்தானையில் ஒரு இழை தப்பியிருந்ததாம், அதை அம்மா பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அவளுக்கு மனசு ஒப்புமாம். எனக்கு அந்த இழை கண்ணாடி போட்டுப் பார்த்தும் தெரியவில்லை. அடுத்த வீட்டில் அரக்குப் பாவுக்குக் காப்பிக் கலர் ஊடையைக் கொடுத்துவிட்டேன். காப்பி போகவேண்டிய வீட்டில் அரக்கு. இரண்டு வீட்டுக்காரர்களும் மரியாதை தெரிந்தவர்கள், முதலாளியே கொண்டுவந்து கொடுத்தது என்று வாய் பேசாமல் ஒரு முழம் நெய்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் தறிக்குழியில் தண்ணீர் ஊறுகிறது, அம்மாவிடம் போன மாசமே சொல்லியிருந்தோமே என்றார்கள். வேறொரு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவந்திருக்கிறது, அம்மா தேதி கேட்டிருந்தார்களே என்றார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு நான் திரும்பி வந்தபோது பையில் நான்கு சேலை இருந்தது. அவள் போனால் பதினொன்றரைக்கு ஏழு சேலையோடு வந்துவிடுவாள். எனக்குத் தலை பேஜாராகிவிட்டது.

வியாழக்கிழமை அவளே டவுன் பஸ்ஸில் போனாள். நான் தடுத்தேன், கேட்கவில்லை. காலையில் போனவள் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தாள். தெருமுனையிலிருந்து வீடு வரைக்கும் ஒவ்வொரு வீட்டுச் சுவராகப் பிடித்துக்கொண்டு வந்ததைக் கடையிலிருந்து பார்த்தேன். வந்ததும் பையை எண்ணி வைத்தாள், முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டாள், சாதம் வடித்தாள். குறை சொல்லியிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் சொல்லவில்லை. அன்றைக்குத்தான், விற்பதோ வைத்துக்கொள்வதோ அப்புறம், என்ன கோளாறு என்று தெரிந்துகொண்டே தீருவது என்று முடிவு செய்து வண்டியை உதைத்து எடுத்துக்கொண்டு பவுல்துரையிடம் போனேன்.

பவுல்துரை சாயப்பட்டறைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிற மெக்கானிக். முதலிலேயே அவரிடம் போயிருக்கலாம்தான். பங்குனியில் இதே வண்டியை மொத்தமாக சர்வீஸ் செய்து, இடது பக்கத்து மூடியெல்லாம் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். அப்போது கூலி விஷயத்தில் எங்களுக்குள் கொஞ்சம் வார்த்தை தடித்துவிட்டது, அதனால் போகவில்லை. மனிதர் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாமல் ஸ்டூல் எடுத்துப் போட்டார். பட்டனை ஒரு தடவை அழுத்தினார். காதை வண்டியிடம் கொண்டுபோகக்கூட இல்லை.

"ஸ்டார்ட்டர் கிளட்ச்சுங்க" என்றார். "மோட்டார் சுத்துது, அந்தச் சுத்து இன்ஜினுக்குப் போய்ச் சேரல. நடுவுல வழுக்குது."

மூன்று வாரமாக நானும் வேடியப்பனும் தேடியதை மூன்று விநாடியில் சொன்னார். இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா என்று கேட்டேன், யார் சொன்னது என்று சிரித்தார். கிளட்ச் என்றால் என்ன என்று எனக்குப் புரியும்படி சொல்லச் சொன்னேன். புரியாத சரக்குக்கு நான் பணம் கொடுப்பதில்லை. தறியில் நெய்த துணியைச் சுற்றுகிற கட்டையில் பல்சக்கரமும் கொக்கியும் இருக்கிறதல்லவா, முன்பக்கம் சுற்ற விடும், பின்பக்கம் விடாது, அதே சங்கதிதான் என்றார். இதில் கொக்கிக்குப் பதில் மூன்று சின்ன உருளைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஸ்பிரிங். மோட்டார் சுற்றினால் ஸ்பிரிங் உருளையைத் தள்ளும், உருளை இடுக்கில் போய் இறுகும், இன்ஜின் சேர்ந்து சுற்றும். இன்ஜின் தானாக ஓட ஆரம்பித்ததும் உருளைகள் நழுவிவிடும், மோட்டாருக்கு விடுதலை. அவ்வளவுதான். உங்கள் மண்டியில் எடை போடுகிற ஆளைவிடத் தெளிவாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் கழற்றினார். மூடி, அதற்குள் விசிறி, பெல்ட், அதற்கும் பின்னால் புல்லர் போட்டு இழுத்து ஒரு வட்டுச் சாமான். அதைக் கையில் எடுத்தவர் முகம் மாறியது. உருளை மூன்றும் அசையவில்லை. கிரீஸும் நூலுமாகச் சேர்ந்து களியைப் போல இடுக்கெல்லாம் அடைத்திருக்கிறது. ஒரு ஸ்பிரிங் ஒடிந்தே போயிருக்கிறது. ஊசி முனையால் நூலை உருவினார். உருவ உருவ வந்தது. பெட்ரோல் தட்டில் அலசித் தரையில் போட்டார்.

கிளிப்பச்சை, மச்சான்.

நான் பட்டு விற்கிறவன். ஒரு இழையை எடுத்து முறுக்கைப் பார்த்தேன். ஐயத்துக்கு இடமில்லாதபடி ஊடை இழை. இருந்தாலும் பட்டுதானா என்று உறுதி செய்யாமல் பேசக்கூடாது என்று, எங்கள் தொழில் வழக்கப்படி தீக்குச்சி உரசிக் கொளுத்திப் பார்த்தேன். மயிர் கருகுகிற வாசனை வருகிறதா என்று மூக்கருகில் கொண்டுபோவதற்குள் பவுல்துரை பெட்ரோல் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். "ஏங்க, கடையோட சேத்துக் கொளுத்திப் பாக்கணுமாங்க?" என்று எதிர் வரிசையிலிருந்து கேட்டார். சுத்தப் பட்டு என்று இங்கிருந்தே பதில் சொன்னேன். அவர் நெருப்பு அணைந்ததை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு திரும்பி வந்தார்.

இப்போது கவனியுங்கள். நான் கிளிப்பச்சை கொடுப்பதே இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் கிளிப்பச்சையில் நாற்பது சேலை போட்டு, அதில் முப்பத்திரண்டு கடையிலேயே தங்கி, கடைசியில் என் பக்கத்துக் கல்யாணம் காதுகுத்து எல்லாவற்றுக்கும் அதையே வைத்துக் கொடுத்து, எங்கள் வகையறாப் பெண்கள் எல்லாம் ஒரே பச்சையாக உட்கார்ந்திருந்த போட்டோவை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அதோடு அந்த நிறத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டேன். உங்கள் தங்கை மட்டும் விடவில்லை. காலம் மாறிவிட்டது, இப்போது பச்சையைத்தான் கேட்கிறார்கள், அரக்கு பார்டர் வைத்துக் கிளிப்பச்சை போடுங்கள் என்று வருஷத்துக்கு நாலு தடவை சொல்வாள். நான் அந்த போட்டோவை எடுத்துக் காட்டுவேன். ஆக, என் கடை நூல் இல்லை. அவள் வண்டிக்குள் இருக்கிறது. விசிறி இழுக்கிற காற்றோடு உள்ளே போயிருக்கிறது. கொஞ்ச நஞ்சமில்லை, கிளட்ச்சையே அடைக்கிற அளவுக்கு. அப்படியானால் அவள் பல மாதமாகக் கிளிப்பச்சை சுமக்கிறாள். யாருக்கு?

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வியாழக்கிழமைகளில் அரை மணி நேரம் தாமதம். கேட்டால் கண்ணகியோடு பேசிக்கொண்டிருந்தேன் என்பாள். சித்திரையில் பீரோவுக்குப் புதுப் பூட்டு. முள்ளிப்பட்டுக்காரர்கள் என்னைவிட அவளுக்குத் தருகிற மரியாதை. மச்சான், உங்கள் தங்கை எனக்குத் தெரியாமல் தனியாகத் தறி போட்டு நடத்துகிறாள். என் பதினோரு தறிக்கு நடுவில், என் பெட்ரோலில், எனக்கே போட்டியாக.

பவுல்துரையிடம் பட்டும் படாமலும், "என் சம்சாரம் நூல் எடுத்துகினு போறா, அதுதான் உள்ள பூந்திருக்கு" என்றேன். அவர் நூலைப் பார்த்தார். கை துடைக்கிற சாக்குப்பையைப் பார்த்தார். எங்கள் ஊர் மெக்கானிக்குகள் சாயம் கெட்டு ஒதுக்கிய சிக்கு நூலில்தான் கை துடைப்பார்கள், துணியைவிட மலிவு. அன்று பையில் இருந்தது ஆரஞ்சு. "இருக்கும்ங்க" என்றார். குடும்ப விஷயத்தில் தலையிடாத பண்புள்ள மனிதர். வேலூரிலிருந்து ஸ்பிரிங்கும் உருளையும் வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை காலை மாட்டி முடித்தார். இந்தத் தடவை கிரீஸை அப்பவில்லை, இரண்டு சொட்டு எண்ணெய் மட்டும். பட்டனை அழுத்தினேன். உடனே பிடித்தது. கூலி முந்நூற்றைம்பது ஆகும் என்று நினைத்து நூற்றைம்பது என்று ஆரம்பித்தேன். சரிங்க என்று வாங்கிக்கொண்டார். என் முப்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரே பேச்சில் படிந்தது இல்லை. பேரம் பேசுகிற என் திறமை ஊரில் பரவியிருக்கிறது போலும்.

வீட்டுக்கு வந்தேன். உங்கள் தங்கை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அடுப்பில் குக்கர். நூல் உருண்டையை ஒரு பேப்பரில் வைத்து அவள் முன்னால் வைத்தேன்.

"எங்க இருந்துது?" என்றாள்.

"கிளட்ச்சுல."

"பச்சை."

"ஆமா. பச்சை. எத்தனை தறி?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எத்தனைன்னு நெனைக்கிறீங்க?"

பாருங்கள், மச்சான். அழவில்லை, மறுக்கவில்லை, எதிர்க் கேள்வி. நல்ல வியாபாரி முதலில் விலை சொல்ல மாட்டான், எதிராளியைச் சொல்ல வைப்பான். ஒன்றா என்றேன். கீரைத் தண்டை ஒடித்தாள். இரண்டா என்றேன். சரியாக அந்த நேரத்தில் குக்கர் கூவியது, எழுந்து போய் அணைத்துவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தாள். பேச்சின் நடுவில் எழுந்து போகிறவன் கையில் சரக்கு அதிகம் என்பது கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். இரண்டை இன்றைக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் நாளைக்கு ஆறு ஆகும், பதினோரு வீடும் அவள் பக்கம் போகும், நான் கடையில் காலி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். கண்ணகி டீயைக் கொடுத்துச் சேலையைக் கொடுக்காததன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எப்போது ஆரம்பித்தாய், யாரைக் கேட்டு ஆரம்பித்தாய் என்று நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. நடந்துபோனதைக் கிளறுகிறவன் வியாபாரி இல்லை. நேராக நிபந்தனைக்கு வந்தேன். இரண்டு தறி அவளுடையது, நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் அங்கே நெய்கிற சேலை வெளிக்கடைக்குப் போகக் கூடாது, முதலில் எனக்குக் காட்ட வேண்டும் என்றேன். அவள், நூலும் ஜரிகையும் என் கடைச் சரக்கிலிருந்து வாங்கின விலைக்கே தரவேண்டும் என்றாள். ஒப்புக்கொண்டேன். நிறம் அவள் இஷ்டம் என்றாள். போட்டோவை எடுக்க எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள், உட்கார்ந்துவிட்டேன். வேறு என்ன என்று கேட்டேன். அப்போதுதான் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"ஸ்கூட்டரை விக்கலைன்னு எங்க அண்ணனுக்கு நீங்களே உங்க கையால எழுதணும்."

தறி பற்றிப் பேசும்போதெல்லாம் கல்லாக இருந்தவளுக்கு, அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்குச் சட்டென்று சாமி அலமாரியில் இருக்கிற சாவி ஞாபகம் வந்தது. எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்து கையில் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு குழம்பு தாளிக்கப் போய்விட்டாள்.

ஆகையால் மச்சான், நீங்கள் கோபிக்கக் கூடாது. அரிசித் தரகருக்கு வேறு வண்டி கிடைக்கும். எனக்கு முள்ளிப்பட்டுக்கு வேறு ஆள் கிடைக்காது. ஒரு விதத்தில் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். முப்பது வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டிருக்கிறாள், என் கண்ணிலேயே மண்ணைத் தூவுகிற அளவுக்குத் தேறியிருக்கிறாள், கற்றுக்கொடுத்தவன் என்கிற பெருமை எனக்கு இல்லாமல் போகுமா? நானும் சாமானியப்பட்டவன் இல்லை, ஒரு இழை நூலை வைத்து மொத்தத்தையும் கண்டுபிடித்தேன் அல்லவா? வருகிற ஆவணி முகூர்த்தங்கள் உங்கள் மண்டிக்கும் என் கடைக்கும் கூட்டம் கொண்டுவரட்டும், அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் சர்க்கரைக்கு மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
சிவப்பிரகாசம்

பின்குறிப்பு:

அண்ணா, நான் பூங்காவனம் எழுதுகிறேன். போகிற வழியில் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், உறையை ஒட்டவில்லை, படித்தேன்.

அந்தப் பச்சை நூல் என்னுடையது இல்லை. பங்குனியில் வண்டியை சர்வீஸுக்கு விட்டபோது நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு பவுல்துரையின் சாக்குப்பையில் இருந்தது கிளிப்பச்சை. அதில் ஒரு கைப்பிடி எடுத்துத்தான் உள்ளே எல்லாம் துடைத்தார், கிரீஸையும் அந்தக் கையாலேயே அப்பினார். கிளட்ச்சை அடைத்தது அதுதான். கூலி ஒரே பேச்சில் படிந்ததும் அதனால்தான். வியாழக்கிழமை அரை மணி தாமதமாவது கண்ணகியோடு பேசிக்கொண்டிருப்பதால்தான். பீரோவுக்குப் பூட்டு மாற்றியது பழைய பூட்டின் சாவியை இவரே தொலைத்ததால்.

எனக்கென்று தறி ஒன்றும் இருந்ததில்லை. எத்தனை தறி என்று கேட்டபோது என்ன கேட்கிறார் என்றே விளங்கவில்லை, அதனால்தான் எத்தனை என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றா என்றபோதும் விளங்கவில்லை. இரண்டா என்றபோது குக்கர் கூவியது. அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை நான் பொய் சொல்லவில்லை அண்ணா, இந்தக் கடிதத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று முள்ளிப்பட்டு போய் வந்தேன். பதினோரு வாசலிலும் பட்டனிலேயே எடுத்தேன். இரண்டு வீட்டில் சும்மா கிடந்த தறியைப் பேசி முடித்துவிட்டேன். முதல் பாவு கிளிப்பச்சை, அரக்கு பார்டர். இதை நீங்கள் அவரிடம் மூச்சு விடக் கூடாது. விடாமலிருந்தால் தீபாவளிக்கு அண்ணிக்கு அதில் ஒரு சேலை.

திரும்பும்போது பவுல்துரையிடமும் பேசிவிட்டேன். அவரும் வாயைத் திறக்க மாட்டார், நானும் திறக்க மாட்டேன். வருஷத்துக்கு இரண்டு தடவை கிளட்ச்சைக் கழற்றிச் சுத்தம் செய்து தரவேண்டும், கூலி கிடையாது, பனியன் துணியால்தான் துடைக்க வேண்டும்.